கூடி அழுவதன் அறிவியல்

எகிப்தின் தலைநகர் கெய்ரோவில், ஏழைகள் வாழும் குறுகலான சந்தில் ஒரு தாய் பிள்ளையைப் பறிகொடுத்தால் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து சூழ்ந்துகொள்வார்கள். தங்கள் வீட்டுச் சாவுகளைச் சொல்லிச் சொல்லி அழுவார்கள்; அவளையும் அழச் சொல்வார்கள். அடக்கிவைத்த துக்கம் உடம்பைக் கெடுத்துவிடும் என்பது அவர்கள் உறுதியாக நம்பும் விஷயம். இந்தோனேசியாவின் பாலித் தீவில், வடக்குக் கரையோரம் அதே இழப்பு நேர்ந்தாலும் பெண்கள் வந்து சூழ்ந்துகொள்வார்கள். ஆனால் அவர்கள் வேறு பேச்சு எடுப்பார்கள், கேலி செய்வார்கள், சிரிக்க வைப்பார்கள், முகம் வாடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். அங்கே உடம்பைக் கெடுப்பது அழுகைதான். அதுவும் அழுகிறவளின் உடம்பை மட்டுமல்ல, அருகில் இருப்பவர்களின் உடம்பையும் சேர்த்து. நார்வே நாட்டு மானிடவியலாளர் உன்னி விக்கான் இரண்டு இடங்களிலும் நெடுங்காலம் தங்கிப் பழகியவர். 1988இல் இவ்விரண்டையும் அருகருகே வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அவர் ஒப்பிட்ட இரு தரப்பாரும் முஸ்லிம்கள். ஒரே வேதம், மரணத்தைப் பற்றி ஒரே போதனை. அப்படியிருந்தும், பிள்ளை போனபின் எதை உணர்வது நல்லது, எதை உணர்ந்தால் ஆபத்து என்பதில் இரண்டு ஊரும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன.

இதற்குச் சட்டென்று ஒரு விளக்கம் சொல்லிவிடலாம். துக்கம் எல்லாத் தாய்க்கும் ஒன்றுதான், அதை வெளியே காட்டும் விதத்தைத்தான் ஊர் வழக்கம் தீர்மானிக்கிறது என்று. பள்ளிக்கூடப் பாடநூலிலிருந்து மருத்துவர் அறை வரை நாம் கேட்டுப் பழகியது இந்த விளக்கத்தைத்தான். உணர்ச்சி ஒருவர் மனசுக்குள் பிறக்கிறது, பிறகு வெளியே வருகிறது, வரும் வழியில் சமூகம் குறுக்கிட்டு அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது என்ற கணக்கு. இந்தக் கணக்கு தவறு என்பதே என் வாதம். சுற்றியிருப்பவர்கள் ஏற்கெனவே உருவான துக்கத்தைப் பார்க்க வருகிறவர்கள் அல்லர்; அது உருவாவதிலேயே அவர்களுக்குப் பங்கு இருக்கிறது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1912இல் வெளியிட்ட நூலில், ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் சாவுச் சடங்குகளை ஆராய்ந்து ஏறக்குறைய இதையே சொன்னார். துக்கம் காப்பது தனிமனிதர் மனத்தின் இயல்பான அசைவு அல்ல, கூட்டம் அவர்மேல் சுமத்தும் கடமை என்றார். ஆள் ஒருவர் குறைந்துபோன கூட்டம், நெருங்கி நின்று தன்னை மறுபடி கூட்டிக்கொள்கிறது. அந்த நெருக்கத்தில்தான் துயரம் மூண்டு பெருகுகிறது என்பது அவர் முடிவு. தனியாள் நெஞ்சில் ஒன்றுமே இல்லாததுபோல அவர் எழுதிய இடங்கள் உண்டு. அந்த மிகையைக் கழித்துவிட்டாலும் மிச்சம் நிற்கிறது. துர்கைம் காலத்தில் அது ஊகம். இன்று அளந்து பார்க்கக் கருவிகள் இருக்கின்றன.

முதலில், பொதுவாக இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் ரோசன்பிளாட் தம் சகாக்களுடன் 1976இல் வெளியிட்ட ஆய்வில், உலகின் பல மூலைகளிலிருந்து திரட்டிய இனவரைவியல் குறிப்புகளை அலசினார். சாவுக்கு அழுவதுண்டா என்று கணிக்க முடிந்த 73 சமூகங்களில் 72இல் அழுகிறார்கள். விலக்காக நின்ற ஒன்று பாலி. பிரிவால் வரும் தவிப்பு மனிதக் குழந்தைக்கு மட்டுமல்ல, நாய்க்குட்டிக்கும் கோழிக்குஞ்சுக்கும்கூட உண்டு. இதை எந்தப் பண்பாடும் உண்டாக்கவில்லை. ஆனால் பொதுவாக இருக்கும் இந்தத் தவிப்பும், மனிதர் அனுபவிக்கும் துக்கமும் ஒன்றே என்று சொல்வதற்குச் சான்று மெலிந்துகொண்டே வருகிறது. முகபாவங்கள் உலகெங்கும் ஒன்றே என்று உளவியலாளர் பால் எக்மன் 1960களின் இறுதியில் நியூகினியின் ஃபோரே மக்களிடம் படங்களைக் காட்டிச் சொன்னது நெடுங்காலம் கேள்வியின்றி நின்றது. அவர் முறையில், விடைகள் முன்கூட்டியே தரப்பட்டிருந்தன. 2014இல் நமீபியாவின் ஹிம்பா மக்களிடம் விடை எதுவும் தராமல், படங்களை உங்கள் விருப்பப்படி பிரித்து வையுங்கள் என்றபோது, எதிர்பார்த்த பிரிவுகள் முழுதாகக் கிடைக்கவில்லை. 2016இல் டுரோபிரியாண்ட் தீவுகளில், நாம் அச்சம் என்று படிக்கும் முகத்தை அங்குள்ள இளைஞர்கள் மிரட்டும் முகமாகப் படித்தார்கள்.

முகத்தைவிட எனக்கு அழுத்தமான சான்றாகப் படுவது, பிறந்து ஐந்து நாள்கூட ஆகாத குழந்தையின் அழுகுரல். ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் காத்லீன் வெர்ம்கேயும் அவர் குழுவினரும் பிரெஞ்சு பேசும் குடும்பங்களில் பிறந்த 30 சிசுக்கள், ஜெர்மன் பேசும் குடும்பங்களில் பிறந்த 30 சிசுக்கள் ஆகியோரின் அழுகையைப் பதிவுசெய்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை பெரும்பாலும் கீழே தொடங்கி மேலே ஏறியது. ஜெர்மன் குழந்தைகளின் அழுகை மேலே தொடங்கிக் கீழே இறங்கியது. அந்தந்த மொழியின் பேச்சு ஏறி இறங்கும் விதமும் அதுவே. கருவறையில் கடைசி மூன்று மாதம் தாயின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்ததன் விளைவு என்று அவர்கள் கருதுகிறார்கள். பசியோ வலியோ அந்தக் குழந்தையினுடையதுதான். ஆனால் அது வாய்திறந்து அழும் முதல் வாரத்திலேயே அழுகை வீட்டாரின் இராகத்தில் இருக்கிறது. கலப்படமில்லாத, சமூகம் தீண்டாத தனி உணர்ச்சியை எங்கே போய்த் தேடுவது? பிறந்த ஐந்தாம் நாளுக்கு முன்பாகவா?

நம் ஊர்ச் சாவு வீட்டைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். துட்டி கேட்க வரும் பெண்கள் தெருமுனையிலேயே குரலெடுப்பார்கள். அதுவரை ஓய்ந்து, வெற்றிலையோ தண்ணீரோ எடுத்துக்கொண்டு சாய்ந்திருந்த வீட்டுப் பெண்கள் அந்தக் குரல் கேட்டதும் எழுந்துபோய்க் கட்டிக்கொள்வார்கள்; அழுகை மறுபடி மூளும். வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, தலைகள் ஏறக்குறைய முட்டிக்கொள்ள, ஒருத்தி வரியெடுப்பாள். வரி முடியும் இடத்தில் குரல் இறங்கி விம்மலாக உடையும். அந்த விம்மலில் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். மகள் தாய்க்குப் பாடுவது வேறு, மனைவி கணவனுக்குப் பாடுவது வேறு, தங்கை அண்ணனுக்குப் பாடுவது வேறு. உறவுமுறை மாறினால் எதைச் சொல்லி அழுவது என்பதும் மாறிவிடுகிறது. தொண்ணூறு வயதில் பேரன் பேத்தி எடுத்தவர் போனால் அது கல்யாணச் சாவு. அங்கே ஆட்டம்கூட உண்டு. இளம் வயதுச் சாவில் அதே தெரு பேச்சற்றுப்போகும். யாருக்கு எவ்வளவு, எந்த வகையில் துயரப்படுவது என்பதை ஊர் தனக்குள் வைத்திருக்கிறது. புதிதாக வருகிறவள் அதற்குள் நுழைந்ததும் அவள் உடம்பு அதைக் கற்றுக்கொள்கிறது.

இங்கே ஒரு தடை எழுகிறது, அது நம் பழமொழி வழக்கிலேயே இருக்கிறது. கூலிக்கு மாரடிப்பது என்கிறோம். ஒப்பாரி ஒரு நடிப்பு, செத்தவரை முன்பின் பார்த்திராதவளும் கண்ணீர் விடுகிறாள், இதில் உணர்ச்சி எங்கே என்பது குற்றச்சாட்டு. தமிழகக் கிராமங்களில் ஒப்பாரியை ஆராய்ந்த மானிடவியலாளர் இசபெல் கிளார்க்-டெசே 2005இல் வெளியிட்ட நூலுக்கு, செத்தவருக்காக யாரும் அழுவதில்லை என்ற பொருளில் தலைப்பு வைத்தார். அவரிடம் பேசிய பெண்கள் சொன்னது அதுதான். அடுத்த வீட்டுச் சாவில் அவர்கள் அழுதது, தாங்கள் இழந்த தாய்க்கும் பிறந்த வீட்டில் கிடைக்காமல் போன மரியாதைக்கும் புகுந்த வீட்டில் பட்ட பாட்டுக்கும். இதைப் போலி என்று தள்ளுவது பெரும் பிழை. வேறெங்கும் வாய்விட்டுச் சொல்ல இடமில்லாத துயரத்தைச் சொல்லும் இடமாக அந்த வட்டம் இருக்கிறது. பாட்டின் அமைப்பு பொதுவானது, குரல் பொதுவானது, தோளில் கிடக்கும் கை அடுத்தவளுடையது. அதற்குள் வரும் கண்ணீர் முழுக்கத் தன்னுடையது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு காரணங்களைத் தருகிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வது, உற்றாரை இழப்பது, முன்னிருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை. நான்கில் ஒன்றுகூட மனிதர் தனித்து நிற்கும்போது வருவதல்ல. நான்கும் நாலு பேர் நடுவே ஒருவர் நிற்கும் நிலையைப் பற்றியவை. அழுகையை இலக்கணமாக்கிய காலத்திலேயே அதன் காரணத்தை நெஞ்சுக்குள் தேடாமல் உறவுகளுக்குள் தேடியிருக்கிறார்கள் என்பதைக் கவனிக்கத்தான் வேண்டும்.

தோளில் கிடக்கும் அந்தக் கை உடம்புக்குள் என்ன செய்கிறது? அமெரிக்காவில் ஜேம்ஸ் கோன் என்ற உளவியலாளரும் சகாக்களும் 2006இல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. மணமான 16 பெண்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்து, கணுக்காலில் மின்முனையைப் பொருத்தி, சிறு மின்னதிர்ச்சி வரக்கூடும் என்று அவ்வப்போது எச்சரித்தார்கள். சில முறை கணவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம், சில முறை முகம் தெரியாத ஒருவரின் கையை, சில முறை யார் கையும் இல்லை. ஆபத்தை எதிர்கொள்ளும் மூளைப் பகுதிகளின் பரபரப்பு, யார் கையும் இல்லாதபோது மிகுதியாகவும், கணவர் கையைப் பிடித்திருந்தபோது மிகக் குறைவாகவும் இருந்தது. அந்நியர் கையும் கொஞ்சம் உதவியது. இல்லறம் நன்றாக இருப்பதாகச் சொன்ன பெண்களிடம் குறைவு இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. 16 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் வேறு திசைகளிலிருந்து வரும் சான்றுகளும் இதனோடு ஒத்துப்போகின்றன. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத் துடுப்புப் படகு வீரர்கள் தனித்தனியாகத் துழாவியபோது இருந்ததைவிட, அதே உழைப்போடு ஒன்றாக, ஒரே தாளத்தில் துழாவியபோது வலி தாங்கும் திறன் கூடியிருந்ததை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. ஸ்பெயினின் சான் பெத்ரோ மன்ரிகே என்ற சிற்றூரில், ஜூன் மாதம் நடக்கும் தீமிதி விழாவின்போது மிதிப்பவர்களின் இதயத் துடிப்பையும் பார்ப்பவர்களின் இதயத் துடிப்பையும் ஒருசேரப் பதிவுசெய்தார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து அசையாத உறவினர், நண்பர்களின் துடிப்பு, தணலில் நடந்தவரின் துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்கியது. அதே காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த வெளியூர்க்காரர்களிடம் அப்படி எதுவும் நடக்கவில்லை.

அந்த ஆய்வில் இருந்த டிமிட்ரிஸ் சிகலாட்டாஸ், பிறகு மொரீஷியஸ் தீவுக்குப் போனார். தமிழ் வழி வந்த இந்துக்கள் தைப்பூசத்தன்று அலகு குத்திக் காவடி எடுத்து மலையேறும் இடம் அது. காவடி எடுத்தவர்களுக்கும் கூட நடந்தவர்களுக்கும் ஆய்வில் கலந்துகொண்டதற்காகப் பணம் கொடுத்து, விரும்பினால் யாருக்கும் தெரியாமல் அதில் ஒரு பகுதியைக் கோயிலுக்குக் கொடுக்கலாம் என்றார்கள். சில நாள் முன்பு கூட்டுப் பிரார்த்தனைக்கு வந்தவர்களைவிடக் காவடி நாளில் வந்தவர்கள் மிக அதிகம் கொடுத்தார்கள். காவடி எடுக்காமல் கூட நடந்தவர்கள் கொடுத்ததும், அலகு குத்திக்கொண்டவர்கள் கொடுத்ததற்குக் குறையவில்லை. ஊசி இறங்கியது ஒருவர் கன்னத்தில். அதன் பாதிப்பு பக்கத்தில் நடந்தவர் நடத்தையிலும் தெரிகிறது. வெறுமனே அனுதாபம் என்று இதைச் சொன்னால், ஸ்பெயினில் வெளியூர்க்காரர்களிடம் அது ஏன் வேலை செய்யவில்லை என்பதற்குப் பதில் இராது. ஒரே கதைக்குள், ஒரே உறவுக்குள் இருப்பவர்களின் உடம்புகள்தான் ஒன்றோடொன்று சேர்கின்றன.

இவ்வளவும் சரி, உள்ளே இருப்பது ஒன்றுதானே, வழக்கம் அதை மூடி மறைக்கவும் கூடுமே என்பது வலுவான மறுப்பு. இதை முன்வைத்து ஒரு பெரிய விவாதமே நடந்திருக்கிறது. வடகிழக்குப் பிரேசிலின் சேரி ஒன்றில், 1960களில் தொடங்கி நெடுங்காலம் பழகிய மானிடவியலாளர் நான்சி ஷெப்பர்-ஹியூஸ், கைக்குழந்தை இறந்தால் அங்குள்ள தாய்மார்கள் அழுவதில்லை என்று எழுதினார். பசியாலும் வயிற்றுப்போக்காலும் குழந்தைகள் அடுத்தடுத்துச் சாகும் இடத்தில், பிழைக்காது என்று தோன்றும் குழந்தையிடம் பாசம் வைப்பதையே தாய் தள்ளிப்போடுகிறாள் என்பது அவர் வாதம். 1992இல் வந்த அவருடைய நூல் உலகப் புகழ் பெற்றது. மர்லின் நேஷன்ஸ், ரெபன் என்ற வேறிரு ஆய்வாளர்கள் அதற்கு முன்பே, 1988இல், இந்த வாதத்தை மறுத்திருந்தார்கள். தாய்மார்களுக்குத் துயரம் உண்டு. இறந்த குழந்தை தேவதையாகி வானுக்குப் பறக்கிறது, தாயின் கண்ணீர் பட்டால் சிறகு நனைந்து பறக்க முடியாமல் போய்விடும் என்று நம்புவதால் அடக்கிக்கொள்கிறார்கள் என்றார்கள். யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் இரண்டாம் தரப்பு சொல்வதே உண்மை என்று வைத்துக்கொண்டாலும் என் வாதம் வலுக்கத்தான் செய்கிறது. கண்ணீரை நிறுத்தும் அந்தத் தாய், துக்கத்தின்மேல் ஒரு மூடியைப் போடவில்லை. பிள்ளை பறக்க வேண்டும் என்ற ஏக்கமும் தன்னால் அது தடைபடக் கூடாதே என்ற பயமும் சேர்ந்ததுதான் அவளுடைய துக்கம். அந்த நம்பிக்கையை உரித்தெடுத்துவிட்டால் அடியில் கெய்ரோத் தாயின் துக்கம் மிஞ்சியிருக்காது. பிற்காலத்தில் ஷெப்பர்-ஹியூஸ் அதே ஊருக்குத் திரும்பிப் போனார். சிசு மரணம் பெருமளவு குறைந்திருந்தது. இப்போது குழந்தை இறந்தால் தாய்மார்கள் நெடுநாள் துயரப்படுகிறார்கள் என்று 2013இல் எழுதினார். ஊரின் நிலை மாறியபோது துக்கமும் மாறியது. தாய்மார்களின் உடற்கூறு மாறவில்லை.

மனிதருக்கு மனிதர் வேறுபாடு இல்லையா என்றால், நிச்சயம் உண்டு. ஒரே வீட்டில் ஒரே சாவுக்கு அண்ணன் உடைந்துபோவார், தம்பி அடுத்த வாரம் வேலைக்குப் போய்விடுவார். உளவியலாளர் ஜார்ஜ் பொனானோவின் ஆய்வுகள், இழப்பைச் சந்தித்தவர்களில் பலர் பெரிய சரிவு இல்லாமலேயே தேறிவிடுகிறார்கள் என்று காட்டியிருக்கின்றன. அழுது தீர்த்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே புழுங்கி நோயாகும் என்ற எண்ணம் எல்லாருக்கும் பொருந்தும் விதி அல்ல. 30க்கும் மேற்பட்ட நாடுகளில் அழுகையைப் பற்றித் திரட்டிய தகவல்களை வைத்து 2008இல் வெளியான ஆய்வில், அழுத பிறகு மனம் இலேசானதா என்பது அழுகையை மட்டும் பொறுத்ததாக இல்லை. பக்கத்தில் ஆதரவாக ஆள் இருந்தால் இலேசானது என்று சொன்னவர்கள் கூடுதல். வெட்கப்பட்டு அடக்க முயன்றவர்களிடம் குறைவு. கெய்ரோவில் அழவைப்பதும் பாலியில் சிரிக்கவைப்பதும் எதிரெதிராகத் தெரிந்தாலும், இரண்டு இடத்திலும் தாய் தனியாக விடப்படவில்லை.

கூட்டம் எப்போதும் கருணையோடு நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. துக்கத்தை உருவாக்கும் கூட்டத்துக்கு அதை மறுக்கவும் அதிகாரம் இருக்கிறது. ஊர் ஒப்புக்கொள்ளாத துயரங்களைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989இல் விரிவாக எழுதினார். கருவிலேயே கலைந்த பிள்ளைக்காக, ஊரறிய முடியாத உறவில் இழந்தவருக்காக, விவாகரத்துக்குப் பின் இறந்த முன்னாள் துணைக்காகத் துயரப்படுகிறவர்களுக்கு வட்டத்தில் இடமில்லை. அவர்கள் துயரம் மற்றவர்களுடையதைவிட ஆழமாக அரிக்கிறது. ஆண்பிள்ளை அழலாமா என்று சொல்லி வளர்க்கப்பட்டவனுக்கும் இடமில்லை. கணவனை இழந்தவளைச் சடங்கு என்ற பெயரில் நடுவில் உட்கார வைத்துப் பூவையும் பொட்டையும் பறிப்பது துக்கத்தில் பங்கெடுப்பதல்ல, அவமதிப்பு. சாவுக்குப் பறையடிக்கும் கடமையை ஒரு சாதியின் தலையில் கட்டியதும், அந்த மக்கள் அதை மறுத்து எழுந்ததும் நம் வரலாறு. இவையெல்லாம் என் வாதத்தை உடைப்பதாகச் சிலர் நினைக்கலாம். ஆனால் துக்கம் தனியாள் சமாச்சாரமாக மட்டும் இருந்திருந்தால், ஊர் மறுப்பதால் அது இவ்வளவு வதைக்க வேண்டியதில்லை.

2020 மார்ச்சில் இந்திய அரசு, இறுதிச் சடங்கில் 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று உத்தரவிட்டது. கொரோனாவில் இறந்தவரைத் தொடவோ குளிப்பாட்டவோ கட்டியழவோ கூடாது என்றும் அப்போது விதி இருந்தது. நோய் பரவாமல் தடுக்க அது தேவைப்பட்டது. ஆனால் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வீடு திரும்பியவர்கள் இழந்தது வெறும் சம்பிரதாயம் அல்ல. துக்கம் வடிவம் பெறும் இடத்தையே இழந்தார்கள். மருத்துவமும் இதை மெல்ல ஏற்கத் தொடங்கியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 2022இல் நடைமுறைக்கு வந்த நீடித்த துயரக் கோளாறுக்கு, குறைந்தது 6 மாதம் என்று காலக்கணக்கு இருக்கிறது. அது போதாது, அந்தத் துயரம் அவருடைய சமூகமும் பண்பாடும் சமயமும் இயல்பென்று கருதும் அளவைத் தெளிவாகத் தாண்டியிருக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. ஒருவரை மட்டும் தனியாகப் பரிசோதித்து மருத்துவரால் இந்த நோயைக் கண்டறிய முடியாது. அவர் ஊரைத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே, சாவு வீட்டுக்குப் போங்கள். கைப்பேசியில் இரங்கல் செய்தி அனுப்பியதோடு முடித்துக்கொள்ளாதீர்கள். என்ன பேசுவது என்று தெரியவில்லையென்றால் பேச வேண்டாம், கூட உட்கார்ந்தால் போதும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு இன்னொரு முறை போங்கள். ஊர் துக்கம் விசாரிக்காத வீடு ஒன்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் முதலில் அங்கே போங்கள்.